தினா வடிகட்டி

கை நடுங்கினால் துக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும். துக்கத்தில் நடுங்கும் கையும் பயத்தில் நடுங்கும் கையும் வீடியோவில் ஒன்றுபோலத்தான் இருக்கும். குரல் மட்டும் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

ரோகிணி சாப்பாட்டு மேசையை மூன்றாவது முறையாகத் துடைத்தாள். அதன்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கத்தி. மெழுகுவர்த்தி. நீளமான ஆணி ஒன்று. உள்ளங்கை அளவு பஞ்சு. கிண்ணத்தில் சரளைக்கல். காற்றுக் குழாய். பூண்டு வாங்கும்போது வந்த வலைப்பை. கடைசியாக, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா.

"டப்பாவைத் திறந்து வைங்க மேடம். உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்," என்றாள் ஷெரின்.

ரோகிணி திறந்தாள். மிளகு அளவில் உடைத்த கொட்டாங்குச்சிக் கரி. கொளத்தூரில் எந்த வளர்ப்புமீன் கடையிலும் கிடைப்பதுதான்.

ஷெரின் நிகர் சிகிச்சை மையத்தின் ஊழியர். நோயாளிகளின் குடும்பங்களோடு பேசுவது அவள் வேலை. இருபத்தேழு வயது இருக்கலாம். ரோகிணியின் கணவன் தினகரன் இருந்த நாட்களில் இரண்டு முறை வந்திருக்கிறாள். இறந்த பிறகு இது முதல் முறை. வந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். அது பொய் என்று ரோகிணிக்குத் தோன்றவில்லை. அதனாலேயே அவள்மேல் கோபப்படுவது கஷ்டமாக இருந்தது.

"கொஞ்சம் நல்ல புடவையா எடுத்துக் கட்டியிருக்கலாம். ஊரே பார்க்கப் போகுது," என்றாள் ஜெகதா. தினகரனின் அக்கா. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அயனாவரத்துக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே இருக்கிறாள்.

"இது போதும் அண்ணி."

"எதைச் சொன்னாலும் இது போதும். அவனும் இப்படித்தான். கல்யாணத்துக்கே பழைய செருப்பு போட்டுட்டு வந்தவன்." ஜெகதா நாற்காலியை மீன் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலில் தீனியைக் கிள்ளித் தண்ணீரில் தூவினாள். "வாடா தம்பி. மெதுவா, மெதுவா. இவனைப் பாரேன், சின்னதுலேர்ந்தே எல்லாருக்கும் முன்னாடி தட்டுல விழுந்தாகணும் இவனுக்கு."

மீன்கள் மேலே வந்தன. இருபதும். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பு ஊடுருவித் தெரியும் மீன்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கடுகளவு பச்சை ஒளி. அந்த ஒளிதான் தினகரனின் கணையத்திலிருந்து எடுத்த புற்று. அவன் உடம்பில் இருந்தது அவனோடு எரிந்துவிட்டது. இங்கே இருப்பது இன்னும் உயிரோடு இருக்கிறது, தீனி தின்கிறது.

"ஆரம்பிக்கலாமா மேடம்? முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. அப்புறம் நிகர்மீன்னா என்னன்னு ரெண்டு வரி. புதுசா சேர்ற குடும்பங்கள் பார்ப்பாங்க, அதனால சுலபமா." ஷெரின் கைபேசியைத் தாங்கியில் பொருத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது.

"என் பேரு ரோகிணி. மாநகராட்சிப் பள்ளியில கணக்கு டீச்சர். என் கணவர் தினகரனுக்கு நிகர் மையத்துல சிகிச்சை நடந்தது." மூச்சு எடுத்துக்கொண்டாள். "நோயாளிக்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி, அவரோட புற்றை வச்ச மீனுக்குக் குடுத்துப் பார்ப்பாங்க. தண்ணியில மருந்தைச் சொட்டு விடுவாங்க. அளவை ஒவ்வொரு படியா ஏத்துவாங்க. பச்சை மங்கினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். மீன் செத்தா, அந்த அளவை உடம்பு தாங்காதுன்னு அர்த்தம்."

"ரொம்ப தெளிவு. பாதி மீனுக்கு மேல செத்தா குடும்பம் அந்த மருந்தை வேண்டாம்னு சொல்லலாம், அதையும் சொல்லிடுங்களேன். இல்ல... வேண்டாம். அது இந்த வீடியோவுக்கு வேண்டாம்."

ரோகிணி அவளைப் பார்த்தாள். ஷெரின் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்றுதான் குடும்பத்தின் கையில் இருந்தது. மருத்துவம் படிக்காதவர்களுக்கும் செத்த மீனை எண்ணத் தெரியும். அதனால்தான் தொட்டியை வீட்டில் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பாதிக்கு மேல் மிதந்தால் இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லலாம், மையம் கேட்டே ஆக வேண்டும்.

செப்டம்பரில் வந்த முதல் தொட்டியில் அவளும் தினகரனும் அப்படித்தான் சொன்னார்கள். முதல் மருந்து. ஒன்பது நாளில் பதினேழு மீன்கள் செத்தன. தினமும் காலையில் படுக்கையிலிருந்தே தினகரன் கேட்பான்: "இன்னைக்கு நான் எத்தனை பேர்?"

"பதினாலு."

"நேத்து பதினாறு இருந்தேனே. ரெண்டு பேர் எங்கிட்ட சொல்லாமப் போயிட்டானுங்க பாரு."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருக்கும் மூன்றாவது மீனைக் குப்பையில் போடுவாள். எண்ணிக்கையில் அவள் முதலில் பொய் சொன்னது அப்போதுதான். அது யாரையும் கொல்லாத பொய்.

"பாட்டிலை வெட்டுங்க மேடம்."

கழுத்துக்குக் கீழே கத்தியைச் செருகி வட்டமாக வெட்டினாள். மெழுகுவர்த்தியை ஏற்றி, துணியால் பிடித்து ஆணியைச் சுடவைத்தாள்.

"அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை போடணும். இந்த வழியாத்தான் அழுக்குத் தண்ணி உள்ள வரும். பெருசா போட்டா சரளை வெளிய கொட்டிடும்."

"எத்தனை ஓட்டை?"

"இருபது."

முதல் பாட்டிலில் தினகரன்தான் போட்டான். கட்டிலில் சாய்ந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் முறத்தை வைத்து, அதன்மேல் பாட்டிலை வைத்து. ஆணி பிளாஸ்டிக்கில் இறங்கும்போது வரும் புகை அவனுக்குக் குமட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டான். அதனால் ஓட்டைகள் கோணல். "இருபது போட்டிருக்கேன் ரோகி. ஆளுக்கு ஒண்ணு. எவனாவது சண்டை போட்டா என்கிட்ட சொல்லு."

அந்தப் பாட்டில் இப்போதும் தொட்டியின் மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. கோணல் ஓட்டைகளோடு.

"எதுக்காக இதைச் செய்யவேண்டி வந்ததுன்னு சொல்லுங்க," என்றாள் ஷெரின்.

"ரெண்டாவது தொட்டி நவம்பர்ல வந்தது. கூட வந்த வடிகட்டிக்கு உள்ள இருக்கற பஞ்சை மாத்தணும். அஞ்சு நாள் மழை. தெருவுல இடுப்பளவு தண்ணி. உங்க ஆளுங்க வர முடியல. தொட்டித் தண்ணி பால் மாதிரி கலங்கிடுச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. எங்க அப்பா வீட்ல மொட்டை மாடியில மீன் வளர்த்தாங்க. நாப்பது சிமெண்ட் தொட்டி. எனக்கு இதெல்லாம் தெரியும்."

"அவ கையில வளர்ந்த மீன் சாகாது," என்றாள் ஜெகதா. பெருமையா குத்தலா என்று சொல்ல முடியாத குரல். "மீனைப் பார்த்த மாதிரி எந்தம்பியையும் கொஞ்சம் பார்த்திருந்தா..." நிறுத்திக்கொண்டு, தொட்டிக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

ஷெரின் சட்டென்று, "இந்த வடிகட்டிக்கு அவர் பேரையே வைக்கறோம், அம்மா. தினா வடிகட்டி. நாலாயிரம் வீட்டுக்குப் போகப் போகுது," என்றாள்.

ஜெகதாவுக்கு அது ஏற்கெனவே தெரியும். காலையில் தொலைபேசியில் கேட்டபோதே அழுதுவிட்டாள். பிள்ளை இல்லாத தம்பிக்கு ஒரு பெயர் மிஞ்சியது என்று மூன்று பேருக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போது மறுபடியும் கேட்டபோது, முதல் முறை கேட்பதுபோல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ரோகிணி சரளையைப் பாட்டிலின் அடியில் பரப்பினாள். மூன்று விரல் உயரம். பழைய பாட்டிலிலிருந்து பஞ்சை உருவி எடுத்து, புதிய பஞ்சின்மேல் பிழிந்தாள். பழுப்பு நிறத் தண்ணீர் இறங்கியது.

"ஐயோ, அழுக்கை எதுக்கு மேடம் புதுசுல பிழியறீங்க?"

"இது அழுக்கில்ல. இதுல நல்ல கிருமி இருக்கு. மீனோட கழிவு விஷமாகாம மாத்தறது இதுங்கதான். புதுப் பஞ்சுல தானா வளர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள மீன் போயிடும்."

"சூப்பர். இதெல்லாம் எங்க கையேட்டுல இல்லவே இல்ல." ஷெரின் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். "அடுத்து கரிதானே?"

"அதைக் கழுவணும்."

"கழுவறதையும் எடுத்துக்கலாம்." கைபேசியைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

குழாயைத் திறந்து, வடிதட்டில் கரியைக் கொட்டிக் காட்டினாள் ரோகிணி. கறுப்பாக ஓடியது தண்ணீர். கறுப்பு நிற்கும் வரை கழுவ வேண்டும். விரலிடுக்கில், நகத்தில், ரேகைகளில் கரி ஏறியது. இந்த நிறம் கையை விட்டுப் போக இரண்டு நாளாகும். டிசம்பர் முழுக்க அவள் கை இப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பழைய கரியைக் கொட்டிவிட்டுப் புதிய கரி மாற்றினாள். வீட்டில் மீன் வாடை துளி இல்லை. தினகரனுக்கு வாடை ஆகாது. நோய் அவன் நாக்கைக் கொன்று மூக்கைக் கூர்மையாக்கியிருந்தது. "குமட்டுது ரோகி, தொட்டியைத் தூக்கி பால்கனியில வையேன்" என்று அவன் சொன்ன அன்றுதான் அவள் கடைக்குப் போய் முதல் முறை கரி வாங்கி வந்தாள்.

அவனுக்காகத்தான். அது மட்டும் பொய்யில்லை.

"ஷெரின், அதை நிறுத்து. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஷெரின் நிறுத்தினாள். கைபேசியைக் கவிழ்த்து அடுப்பு மேடைமேல் வைத்தாள்.

இருபத்தைந்து நாட்களாக யாரிடமும் சொல்லாத வாக்கியம். எத்தனையோ விதமாக உள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறாள். வெளியே வரும்போது அது மிகச் சின்னதாக இருந்தது.

"கரி வாடையை மட்டும் எடுக்காது. மருந்தையும் எடுத்துடும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஷெரின் கையை நீட்டி அதை மூடினாள்.

"தெரியும்க்கா," என்றாள். மேடம், அக்காவாகியிருந்தது.

"எப்போலேர்ந்து?"

"பத்து நாளா. அவர் இறந்த பிறகு பதிவையெல்லாம் திறந்து பார்த்தாங்க. மருந்து சொட்டி ஒரு மணி நேரத்துல தண்ணியில மருந்தே இல்ல. ஒவ்வொரு படியிலயும்."

"அப்போ தொட்டியில மாட்டியிருந்த உங்க மெஷின் அன்னைக்கே அதைப் பார்த்திருக்கு."

"பார்த்திருக்கு. ஆனா மீனெல்லாம் உயிரோட இருந்ததால மேல 'நலம்'னு காட்டிச்சு. 'நலம்'னு காட்டினா யாரும் உள்ள திறந்து பார்க்கறதில்லக்கா. நாலாயிரம் தொட்டி இருக்கு."

நலம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று படி ஏறியது. மீன்கள் துள்ளின. பச்சை அப்படியே இருந்தது. ஆறாவது படியில், இருப்பதிலேயே பெரிய அளவில், கரி குடித்தது போக மிஞ்சிய ஏதோ கொஞ்சம் பச்சையை லேசாக மங்கவைத்தது. இதுதான் உங்கள் அளவு என்றார்கள். "இந்த மருந்தை இவ்வளவு தாங்கற உடம்பை நாங்க பார்த்ததேயில்லை" என்று டாக்டர் திரையில் வந்து வாழ்த்தினார். தினகரன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து புஜத்தை மடக்கிக் காட்டினான். குச்சிபோல இருந்த புஜம்.

ஆறாம் படி அளவு அவன் ரத்தத்தில் ஏறியது. அங்கே கரிப்பை எதுவும் இல்லை. நான்காம் நாள் வாயெல்லாம் புண். ஏழாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. பத்தாம் நாள் பேச்சு குழறியது. கண்ணை மட்டும் தொட்டிப் பக்கம் திருப்பிக் கேட்டான்: "அங்க நான் நல்லா இருக்கேன்ல?"

"நல்லா இருக்கே" என்றாள். பதினோராம் நாள் காலையில் போய்விட்டான்.

"தெரிஞ்சும் இதை எதுக்குப் படம் எடுக்கறீங்க?" ரோகிணியின் குரல் உயரவில்லை.

ஷெரின் நின்றபடியே தன் கைவிரல்களைப் பார்த்தாள். "மீன் சாகறதைக் கண்ணால பார்க்கற வீட்ல, பத்துக்கு ஆறு பேர் சிகிச்சையையே விட்டுட்டுப் போயிடறாங்கக்கா. அதுல பாதிப் பேர் பிழைக்க வாய்ப்பிருக்கறவங்க. பயந்துடறாங்க. உங்க தொட்டியில அறுபத்தோரு நாள், ஒரு மீன்கூடச் சாகல. நீங்க கடைசி வரைக்கும் நம்பிக்கையா இருந்தீங்க. மேல இருக்கறவங்க அதைத்தான் பார்த்தாங்க."

"மருந்தோட அளவு?"

"அது இனிமே மையத்துலயே தனியா மீன் வச்சுப் பார்த்துக்குவாங்க. சரியா இருக்கும். வீட்டு மீன் சும்மா... மனசுக்கு."

"மையத்துல இருக்கற மீன் செத்தா, வீட்டுக்குச் சொல்வீங்களா?"

ஷெரின் கவிழ்த்து வைத்த கைபேசியை ஓரமாகத் தள்ளினாள். வெளியே யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள்.

"சட்டப்படி வீட்டுத் தொட்டியில பாதி செத்தாத்தானே குடும்பம் வேண்டாம்னு சொல்ல முடியும்," என்றாள் ரோகிணி, கணக்குப் பாடம் நடத்தும் குரலில். "வீட்டுத் தொட்டியில எதுவும் சாகவே சாகாது. அப்போ யாராலயும் வேண்டாம்னு சொல்ல முடியாது. அப்படித்தானே?"

"அக்கா, நான் முடிவு பண்ற இடத்துல இல்ல."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

ஷெரின் இதைச் சொல்ல விரும்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் இதைச் சொல்லத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. "இப்போ அறிக்கையில நோய் முத்தினதால மரணம்னு இருக்கு. வீடியோ வந்துட்டா அது அப்படியே இருக்கும். இல்லேன்னா விசாரணைக் குழுவுக்குப் போகும். வேற வடிகட்டி மாட்டக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்குக்கா. கையெழுத்து உங்களோடது. காரணம்னு ஒண்ணு எழுதித்தானே ஆகணும். அது எல்லாருக்கும் போகும். அவரோட அக்காவுக்கும்."

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" கூடத்திலிருந்து ஜெகதா. "கரி கழுவ இவ்ளோ நேரமா? காபி ஆறிப் போச்சு."

"வந்துட்டோம் அண்ணி."

ஈரக் கரியை வலைப்பையில் அள்ளிப் போட்டு, வாயை நூலால் கட்டினாள். பை உள்ளங்கையில் கனமாக, குளிர்ச்சியாக உட்கார்ந்தது. இன்னும் துடிக்கிற ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பது போலிருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். விசாரணைக் குழு கேட்டாலும் ஜெகதா கேட்டாலும் அதைச் சொல்லலாம். கணவன் சாகக் கிடக்கும்போது எந்தப் பெண்ணுக்கு எல்லாம் நினைவிருக்கும்? நம்புவார்கள். மன்னிக்கக்கூடச் செய்வார்கள்.

ஆனால் மறக்கவில்லை.

மொட்டை மாடியில் அப்பாவின் நாற்பது தொட்டிகளுக்கும் மேலே, சுவரில் நாற்பது ஆணிகள் இருந்தன. மீனுக்கு நோய் வந்து மருந்து கலக்கும் நாளில், கரிப்பையைத் தொட்டியிலிருந்து எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆணியில் பை தொங்கினால் தொட்டியில் மருந்து இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், துணி காயப்போட வருகிறவர்களுக்குக்கூட. பை தண்ணீருக்குள் இருந்தால் மருந்து வீண். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்த விஷயம் அது.

டிசம்பரின் முதல் வெள்ளிக்கிழமை. பழைய பை இடது கையில், புதிய பை வலது கையில். தொட்டி விளிம்பில் பொருத்தியிருந்த கருவி சொட்டத் தொடங்கியது. நான்காம் படி. மஞ்சளாக ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்து நூலாக இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். அந்தக் கணத்தில், எந்த முயற்சியும் இல்லாமல், மொட்டை மாடிச் சுவரும் வரிசையான ஆணிகளும் நினைவுக்கு வந்தன.

அப்புறம் மீன்களைப் பார்த்தாள். இருபதும் அவள் கையைச் சுற்றி வந்தன. முதல் தொட்டியில் மிதந்த பதினேழும் நினைவுக்கு வந்தன. கட்டிலிலிருந்து கேள்வி வந்தது: "இன்னைக்கு நான் எத்தனை பேர்?"

"இருபது," என்றாள். இந்த முறை உண்மை. புதிய பையைத் தண்ணீரில் இறக்கினாள்.

அவ்வளவுதான் நடந்தது. நினைவு வந்தது. அதை முடிக்காமல் விட்டாள். உண்மையைச் சொல்லும் மீனைவிட உயிரோடு இருக்கும் மீன் அவளுக்கு வேண்டியிருந்தது. இப்போது நாலாயிரம் பெண்கள், நாலாயிரம் அக்காக்கள், அப்பாக்கள். ஒவ்வொருவருக்கும் அதுவேதான் வேண்டியிருக்கும். அவள் பலவீனத்துக்கு ஒரு பாட்டில் வடிவம் கொடுத்து, அதற்கு அவன் பெயரையும் வைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டாம். தானாகவே நடக்கும்.

ஷெரின் கைபேசியைத் திரும்பத் தாங்கியில் பொருத்தினாள். அவள் முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரலைச் சரிசெய்துகொண்டாள். ஒரு காகிதத்தை மேசை ஓரத்தில், படத்தில் தெரியாத இடத்தில் வைத்தாள். "கடைசிப் பகுதி. பையை உள்ள வச்சு, மேல பஞ்சை வச்சு மூடிட்டு, இந்த வரியைப் பார்த்துச் சொன்னா போதும்."

காகிதத்தில் எழுதியிருந்தது: 'இந்தச் சின்ன வடிகட்டி என் தினாவை அறுபத்தோரு நாள் என்னோடு வைத்திருந்தது. உங்களவரையும் வைத்திருக்கும்.'

"நல்லா கணீர்னு சொல்லு," என்றாள் ஜெகதா. கையில் காபித் தம்ளர். "அவன் பேரை முழுசா சொல்லு. தினகரன்னு. அப்பா ஆசையா வச்ச பேரு."

சிவப்புப் புள்ளி எரிந்தது.

ரோகிணி பாட்டிலுக்குள் காற்றுக் குழாயை நட்டாள். "இது வழியா காத்து போகும். குமிழி மேல வரும்போது தண்ணியையும் இழுத்துட்டு வரும். அழுக்கு பஞ்சுல தங்கிடும்." சரளையின்மேல் பஞ்சை வைத்தாள். வெட்டிய மேல் பாகத்தைக் கவிழ்த்து மூடினாள். "அவ்வளவுதான். வடிகட்டி தயார்."

கரிப்பை இன்னும் அவள் இடது கையிலேயே இருந்தது.

"மேடம், கரி..." என்று மெல்ல நினைவூட்டினாள் ஷெரின்.

ரோகிணி எழுந்தாள். தொட்டிக்கு மேலே சுவரில் நாட்காட்டி மாட்டிய ஆணி இருந்தது. தினகரன் போன பிறகு யாரும் தாள் கிழிக்கவில்லை. பொங்கல்கூட அந்த நாட்காட்டிக்கு வரவில்லை. அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். கரிப்பையை அந்த ஆணியில் மாட்டினாள்.

"மருந்து சொட்டற தொட்டியில கரி போடக்கூடாது," என்றாள், கைபேசியைப் பார்த்து. "போட்டா மருந்தைக் கரி குடிச்சிடும். மீன் சாகாது. மருந்து எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குத் தெரியாமப் போயிடும். உங்க தொட்டியில மீன் சாகவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. உள்ள கரி இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க."

"அக்கா, ஓடிட்டு இருக்கு."

"தெரியும்மா."

பையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு இறங்கியது. ஜெகதா அந்தக் கோட்டைப் பார்த்தாள். கோடு போன வழியே அவள் பார்வையும் கீழே இறங்கியது. தொட்டி. மூலையில் குமிழி விடும் பழைய பாட்டில். பிளாஸ்டிக்குக்கு உள்ளே, சரளைக்கு மேலே, கறுப்பாக ஒரு பை.

காபித் தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். வைக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இதுல இருக்கே," என்றாள்.

"இருக்கு அண்ணி."

"அவனுக்கு மருந்து பார்த்தப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ எடுக்கலையா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மீன்காரர் பொண்ணு."

"தெரியும் அண்ணி. எடுக்கல."

ஜெகதா அடிப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். மீன்கள் தீனி என்று நினைத்து அந்தக் கைக்கு வந்தன. இருபதும். அவள் கையைச் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தாள். தம்பியின் படத்துக்கு முன்னால் நின்றாள். ரோகிணியைத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். படியில் இறங்கும் சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

சிவப்புப் புள்ளி அணைந்திருந்தது. எப்போது அணைத்தாள் என்று தெரியவில்லை.

"இது வெளிய வராதுக்கா," என்றாள் ஷெரின். "நான் இதைக் குடுத்தாலும் அழிச்சிடுவாங்க. நீங்க இழந்ததுதான் மிச்சம்." பிறகு, வேறு எதுவும் சொல்லத் தெரியாதவள்போல, "இன்னொரு தடவை எடுத்துடலாமே. அவங்களை நான் போய்ப் பார்த்துப் பேசறேன். ஏதோ குழப்பத்துல சொல்லிட்டீங்கன்னு சொல்றேன். நீங்க அந்தப் பையை மட்டும் உள்ள வச்சுடுங்க. வரிகூட வேண்டாம், நானே பின்னாடி பேசிக்கறேன். பையை மட்டும்," என்றாள்.

ரோகிணி தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். பழைய பாட்டிலின் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த பையை வெளியே எடுத்தாள். டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை போட்ட கரி. அதற்குள்ளே இன்னும் ஆறாம் படி மருந்து இருந்தது. அதையும் அதே ஆணியில், புதிய பைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"இல்லம்மா," என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கினாள்.